கிழக்குச் சுவரின் இழுப்பு

புதன்கிழமை பிற்பகல் புள்ளி மறுபடியும் நகர்ந்தது.

காலையிலிருந்து சுவரில் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்த சிவப்புப் புள்ளி அது. மதியச் சாப்பாடு ஆகிக் கொஞ்ச நேரத்தில், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, அளவுகோலின் மேல் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"போச்சு," என்றார் ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்.

"போன புதனும் இதே நேரம்தான், புரொபசர்," என்றாள் மாரிட். கம்பளித் தொப்பிக்கு வெளியே அவள் மூக்கு மட்டும் தெரிந்தது. நிலவறையில் அவ்வளவு குளிர்.

"தெரியும். அதை மறக்கத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மின்னசோட்டாவின் வடக்குக் கோடியில், வருஷத்தில் பாதியைப் பனிக்கு அடியில் கழிக்கும் நார்ட்வால் கல்லூரியில், இயற்பியல் துறை என்பது நடைமுறையில் ஹால்வர்தான். கூட இருந்தவர் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு ஆள் போடாமல் கல்லூரி உடற்பயிற்சிக்கு ஒரு செயற்கை மலைச்சுவர் கட்டிக்கொண்டது. இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்த மாணவர்கள் எல்லாரும் ஒரே காரில் ஊருக்குப் போய்விடலாம். இடமும் மிச்சம் இருக்கும். அவர்களில் இந்த வருஷம் முடிக்க வேண்டியவள் மாரிட். இந்தச் சோதனையை வைத்து ஆய்வறிக்கை எழுதினால்தான் அவளுக்குப் பட்டம்.

கருவியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தலைமுடியைவிட மெல்லிய ஓர் உலோக இழை. அதன் நுனியில் கிடையாகத் தொங்கும் சிறு தண்டு. தண்டின் இரண்டு முனையிலும் கோலி அளவு குண்டுகள். பெரிய ஈயக் குண்டுகளைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், ஈர்ப்பு விசையால் சிறியவை அவற்றை நோக்கி இம்மியளவு திரும்பும். தண்டில் ஒட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி, அந்த இம்மியைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு பட்டாளத்தை வைத்துக்கொண்டு அளக்கிற ஈர்ப்பு மாறிலியை, ஹால்வர் பழைய மீன்தொட்டிக்குள் இழையைத் தொங்கவிட்டுத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதன் முன்னால் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார்.

கனமான எது அருகே வந்தாலும் கருவி அந்தப் பக்கம் திரும்பும். அதன் பெருமை அதுதான். தொல்லையும் அதுதான்.

டீன் லேலண்ட் பாஷ் இலையுதிர் காலத்திலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். லேலண்ட் அப்போது ஜெர்மன் வாத்தியார். ஜெர்மன் துறையை மூடியதும் வேறு வேலை இல்லாததால் அவரை டீன் ஆக்கினார்கள்.

"உன் துறை விஷயம் கமிட்டிக்குப் போகுதுய்யா," என்றார் லேலண்ட். "ஏப்ரல்ல அறங்காவலர்கள் கூடுறாங்க. கமிட்டி சொல்றதுதான் முடிவு."

"கமிட்டியில யாரெல்லாம் இருக்காங்க?"

"சொல்லக் கூடாது."

"எங்க கூடுறாங்க?"

"அதையும் சொல்லக் கூடாது. ஜெர்மனை மூடுறப்ப நூலகத்துல கூடினாங்க. நான் கதவுக்கு வெளியே நின்னு அழுதுட்டேன். எல்லாருக்கும் சங்கடமாப் போச்சு. அதிலேர்ந்து ரகசியம்."

"நான் என்னதான் பண்றது?"

"ஒரு நல்ல முடிவு, ஒரு மாணவி பேரோட ஒரு கட்டுரை. அது கையில இருந்தா உனக்காகப் பேசலாம். மத்தபடி யார் மனசையும் நோகடிக்காம அமைதியா இரு. அது போதும்."

அமைதியாக இருப்பதில் ஹால்வருக்கு எந்தச் சிரமமும் இல்லை. புள்ளிதான் இருக்க மாட்டேன் என்றது.

"எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டாள் மாரிட்.

"கிழக்குச் சுவர்."

"அந்தச் சுவருக்கு அப்பால என்ன இருக்கு?"

"ஜெர்மன்."

மாரிட் அவரைப் பார்த்தாள்.

"ஜெர்மன் துறை. மூடினப்ப அவங்க சாமானையெல்லாம் பெட்டி கட்டி அந்த அறையில போட்டாங்க. அதுக்கு முன்னாடி லத்தீன். அதுக்கும் முன்னாடி மனையியல், அவங்களோட தையல் மிஷின்கூட அங்கதான் கிடக்கு."

"அப்ப அடுத்தது?"

ஹால்வர் பென்சிலைச் சீவினார்.

முதல் சந்தேகம் தலைக்கு மேலே விழுந்தது. இசைக் கட்டடத்தின் கூரை ஒழுகியதால் கைமணிக் குழுவினர் புதன்கிழமைகளில் அறிவியல் கட்டடத்தின் மேல்மாடிக்கு வந்து பயிற்சி செய்தார்கள். கனத்த பித்தளை மணிகளை மேசை நிறைய அடுக்கி ஆளுக்கு இரண்டாகத் தூக்கி ஆட்டும் குழு. ஹால்வர் மேலே ஏறிப் போய், குழுவின் தலைவி டார்லீனிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அதுக்கென்ன ஹால்வர், தாராளமா," என்றாள் டார்லீன். சிரித்துக்கொண்டே ஓர் எலுமிச்சைப் பிஸ்கட் துண்டையும் கையில் கொடுத்தாள். "நாங்க சர்ச் நிலவறைக்குப் போயிடுறோம். எங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே" என்பார்கள். பிறகு டீன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மிச்சத்தைச் சொல்வார்கள். சர்ச் நிலவறையில் புதன்கிழமைகளில் போர்வை தைக்கும் பெண்கள் கூடுவது வழக்கம். மணியோசையில் ஒருத்தி திடுக்கிட்டு விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டாள். கைமணிக் குழு அங்கிருந்தும் கிளம்பி, கடைசியில் மளிகைக் கடையின் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஈஸ்டர் பாட்டுப் பழகியது. இதெல்லாம் ஹால்வருக்குத் தெரியாது. வழியில் பார்த்தபோதெல்லாம் டார்லீன் சிரித்தாள்.

அடுத்த புதன்கிழமை புள்ளி முன்னைவிட அதிகமாக நகர்ந்தது.

"மணி மேல இருந்தப்ப அது கொஞ்சம் தாங்கிப் பிடிச்சிருக்கும் போல," என்றாள் மாரிட்.

"வேடிக்கை பண்ணாதே."

"வேடிக்கை இல்ல புரொபசர். அழுகைதான், தொப்பியில தெரியல."

அன்று காலை டீன் அலுவலகத்துச் செயலர் ஆர்லிஸ் வந்து, "உங்க வகுப்பறையிலேர்ந்து ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கவா?" என்று கேட்டிருந்தாள். போன வாரமும் ஒன்று கேட்டாள். உட்கார ஆள் இல்லாத வகுப்பில் நாற்காலி எதற்கு என்று ஹால்வர் எடுத்துக் கொடுத்தார். மூடப்போகும் துறையைச் சாமான் சாமானாகப் பிய்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது சந்தேகம் நீராவிக் குழாய். கட்டடத்தைச் சூடாக்கும் பழைய குழாய் கிழக்குச் சுவரை ஒட்டித்தான் போகிறது. சூடேறினால் சுவர் விரியும், தரை சாயும், இழை ஏமாறும். முறைப்படி யோசித்தால் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஹால்வர் பராமரிப்பு ஆட்களிடம் சொல்லி, புதன் மதியங்களில் கட்டடத்துக்கே நீராவியை நிறுத்த ஏற்பாடு செய்தார். மேல் தளத்தில் உயிரியல் பேராசிரியர் ஓடெல் வெப்பமண்டலத் தவளைகள் வளர்க்கிறார் என்பது நினைவுக்கு வந்தபோது வியாழக்கிழமை ஆகியிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். ஓடெல் ஸ்வெட்டருக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் அங்கங்கே லேசாக அசைந்தது.

"ஓடெல், என்னை மன்னிக்கணும்..."

"பரவாயில்ல, ஹால்வர். தவளைங்கதானே." ஓடெலின் குரல் கொஞ்சம் கம்மியது. "இன்க்ரிட் மட்டும் தேறல."

"இன்க்ரிட்?"

"பச்சையா இருக்குமே, அது. பரவாயில்ல. நீங்க ஆராய்ச்சியைப் பாருங்க."

நீராவி இல்லாத அந்தப் புதன்கிழமையிலும் புள்ளி நகர்ந்திருந்தது. அதற்கு அடுத்த புதன்கிழமை அதைவிடத் தள்ளிப் போயிற்று. அளவுகோலின் விளிம்பைத் தொட இன்னும் விரற்கடைதான் பாக்கி.

"காபி வாசனை வருதே," என்றாள் மாரிட், சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சி. "எலுமிச்சை வாசனையும்."

"மேல உயிரியல்காரங்க போட்டிருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் காபிக்கு நிதி இருக்கு."

இதற்குள் பிப்ரவரி வந்துவிட்டது. வானம் கூரைக்கு மேல் இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. ஹால்வர் தூக்கம் கெட்டு, சவரம் மறந்து திரிந்தார். தன் வகுப்பில் மாணவர்கள் உள்ளே வருவதும் போவதும்தான் கருவியை ஆட்டுகிறதோ என்று புதன்கிழமை வகுப்பை ரத்து செய்து பார்த்தார். மாணவர்கள் மிகுந்த மகிழ்ச்சியோடு ஒத்துழைத்தார்கள். இரண்டு பேர் அந்த மகிழ்ச்சியிலேயே பாடத்தை விட்டு விலகி, புவியியலுக்குப் போனார்கள். புள்ளிக்கு அதனால் எந்த வருத்தமும் இல்லை.

கடைசியில் கௌரவத்தை விட்டு லேலண்டிடம் போனார்.

"அந்தக் கிழக்கு அறைச் சாவி வேணும், லேலண்ட்."

டீன் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"என் கருவி அந்த அறையைப் பாத்துத்தான் திரும்புது. உள்ள ஏதோ இருக்கு."

"என்ன இருக்கும்? என் ஜெர்மன் புத்தகங்க இருக்கு. அகராதி எழுந்து நடக்குமாய்யா?"

"ஒரு தடவை பாத்துட்டா..."

"சாவி தொலைஞ்சு போச்சு." லேலண்டின் காது சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே, அறிவியல் கட்டடத்தின் கிழக்கே, பனி அள்ளும் வண்டி குளிர்காலம் முழுக்கக் குவித்த பனி ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. "பனியா இருக்குமோ?" என்றார் அவசரமாக. "எவ்வளவு கனம் இருக்கும் அது! பனியைப் பாத்தியா நீ?"

ஹால்வர் சட்டென்று எழுந்தார். அந்தக் குவியல் அதே கிழக்குத் திசையில்தான் இருந்தது. வாராவாரம் வளர்ந்துகொண்டும் வந்தது. புதன்கிழமை காலைகளில்தான் வண்டி வந்து அள்ளிக் கொட்டும். இத்தனை வருஷம் ஈர்ப்பு விசை சொல்லிக்கொடுத்த தனக்கு இது தோன்றாமல், ஒரு ஜெர்மன் வாத்தியாருக்குத் தோன்றியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

"நீ பெரிய உதவி பண்ணியிருக்க," என்றார், டீனின் கையைப் பிடித்துக் குலுக்கி.

"அதுக்கென்ன இப்ப," என்றார் லேலண்ட். முகத்தில் ஏனோ வேர்வை.

ஹால்வர் எதையும் முறையாகச் செய்பவர். குவியலைச் செவ்வாய்க்கிழமையே அகற்றினால் எது எதனால் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. புதன்கிழமை பிற்பகல், புள்ளி நகர்ந்து உச்சத்தில் நிற்கும் நேரத்தில், பனியை அள்ளி வேறிடத்தில் போட வேண்டும். அப்போது புள்ளி திரும்பி வந்தால் பனிதான் குற்றவாளி.

அந்தப் புதன்கிழமை புள்ளி அளவுகோலை விட்டே வெளியேறி, வெறும் சுவரில் போய் நின்றது. அதைப் பார்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஹால்வரும் மாரிட்டும் ஆளுக்கு ஒரு மண்வாரியோடும் ஒரு தள்ளுவண்டியோடும் வெளியே போனார்கள்.

"அள்ளி எங்க போடுறது?" என்றாள் மாரிட்.

அது ஒரு கேள்விதான். மேற்கே போட்டால் இழை அந்தப் பக்கம் இழுக்கும். வடக்கே கல்லூரித் தலைவரின் கார். ஹால்வர் கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். பின்புறம், பூமிக்குள் இறங்கும் ஒரு பழைய கல் படிக்கட்டு இருந்தது. அதன் அடியில் வெளிப்பக்கம் திறக்கும் ஓர் இரும்புக் கதவு. கிழக்கு அறைக்கு அது ஒன்றுதான் வழி. உள்தாழ்வாரத்துக் கதவை எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். படிக்கட்டில் ஒரு துளிப் பனி இல்லை. யாரோ துடைப்பத்தால் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள், வழுக்காமல் இருக்க உப்பு வேறு தூவியிருந்தது.

ஹால்வருக்கு வயிறு எரிந்தது. "பாத்தியா? யாருமே போகாத படிக்கட்டைப் பெருக்க இந்தக் கல்லூரிக்கு ஆள் இருக்கு. இயற்பியலுக்கு ஆள் இல்ல."

"இதுக்குள்ள போட்டுடலாமா?"

"இதுக்குள்ளயே போடு. கிழக்குச் சுவருக்கு நேர் எதிரே இல்ல, தரைக்கும் கீழ. கணக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது."

கோபம் மண்வாரிக்கு நல்ல பலம். படிக்கட்டு நிரம்பித் தரைமட்டம் ஆகும்வரை இருவரும் அள்ளிக் கொட்டினார்கள். மேலே ஏறி நின்று ஹால்வர் பூட்ஸ் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். பிறகு இருவரும் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்து சுவரைப் பார்த்தார்கள்.

புள்ளி பென்சில் கோட்டில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்தது.

சுவருக்குள்ளிருந்து தொம், தொம் என்று ஓசை வந்தது.

"அது என்ன?" என்றாள் மாரிட்.

"நீராவிக் குழாய். ஓடெலோட தவளைக்காகத் திரும்ப விட்டாங்க இல்ல? குழாய்க்குள்ள ஆறிக் கிடக்கற தண்ணியை நீராவி வேகமாத் தள்ளும். அது வளைவுல போய் மோதும். கட்டடமே இடிஞ்சு விழற மாதிரி கேட்கும், ஆனா ஆபத்து கிடையாது." அவர் கரும்பலகையில் ஒரு குழாய் வரைந்து, அம்புக்குறி போட்டு, அழுத்தத்துக்கான சமன்பாட்டையும் எழுதினார். நல்ல விளக்கம் அது. அந்தப் பருவத்தில் அவர் சொல்லிக்கொடுத்தவற்றிலேயே அதுதான் தெளிவானது.

தொம். தொம். தொம்.

மாரிட் சுவரில் காதை வைத்தாள். "புரொபசர், குழாய் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"என்னை மாதிரி இதே அறையில இத்தனை வருஷம் இருந்தா, உன் பேரையும் கூப்பிடும்." அவர் மண்வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "சோதனை பண்றவங்களுக்கு முதல் எதிரி இதுதான், மாரிட். எதைக் கேட்கணும்னு மனசு நினைக்குதோ, அதைத்தான் காது கேட்கும். குறிச்சு வச்சுக்கோ, குழாய் அதிர்வுன்னு எழுது."

மாரிட் குழாய் அதிர்வு என்று எழுதினாள். பிறகு மறுபடி காதை வைத்துக் கேட்டாள். "இப்ப பாட்டுப் பாடுது. ஈஸ்டர் பாட்டு மாதிரி இருக்கு."

"வீட்டுக்குப் போ. போய்ச் சூடா ஏதாவது சாப்பிடு."

இருட்டத் தொடங்கியபோது ஹால்வரும் புறப்பட்டார். புள்ளி அப்போதும் கோட்டிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக மாலைக்குள் திரும்பிவிடும். பனியை அள்ளியதில் குறையவில்லை, கூடவும் இல்லை, போன இடத்திலேயே மாட்டிக்கொண்டது. காரில் உட்கார்ந்து, இன்ஜின் சூடாகும்வரை ஸ்டியரிங் சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, இரவெல்லாம் கேமரா வழியாகப் புள்ளியைக் கணினி பதிவு செய்திருந்த வரைகோட்டைப் பார்த்தார். இரவு உணவு நேரம் வரை புள்ளி அங்கேயே நின்றிருக்கிறது. பிறகு ஏணியில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகத் துள்ளித் துள்ளிப் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. எந்தப் பனியும் இப்படி உருகாது. அவருக்குத் தெரிந்த எந்த விசையும் இப்படி விடாது.

அன்று கல்லூரி முழுக்க ஒரே தும்மல். லேலண்ட் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் எதிரே வந்தார். மூக்கு தக்காளிபோல் இருந்தது.

"உனக்கும் சளியா?" என்றார் ஹால்வர். "ஊரெல்லாம் பரவுது போல. ஓடெலும் தும்முறார். டார்லீனுக்குக் குரலே இல்ல."

லேலண்ட் கழுத்துத் துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நேத்து," என்றார், "கொஞ்சம் வித்தியாசமான நாளா இருந்துச்சு, ஹால்வர்."

"எனக்கும்தான்யா."

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் புள்ளி நகரவில்லை. மார்ச் முழுக்க ஆணி அடித்தாற்போல் நின்றது. ஆர்லிஸும் நாற்காலி கேட்டு வரவில்லை. டார்லீன் மட்டும் வழியில் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். குரல் போனால் சிரிப்பும் போகுமோ என்று ஹால்வர் யோசித்தார்.

ஏப்ரலில் லேலண்ட் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்காரச் சொன்னார். அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"மூடறாங்களா?"

"மூடறாங்க."

"மாரிட்?"

"அவ முடிச்சுடலாம். மத்த பசங்க வேற கல்லூரிக்குப் போகணும். உனக்கு இன்னும் ஒரு வருஷம் கணக்குப் பாடம் இருக்கு. முதல் வருஷத்துல கணக்கு வராத பசங்களுக்கு."

ஹால்வர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பனி அள்ளிய கொப்புளம் அப்போதும் முழுக்க ஆறவில்லை. "கமிட்டியில ஒருத்தராவது எனக்காக..."

"ஒருமனதா," என்றார் லேலண்ட். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்த ஊர் வழக்கப்படி ஜன்னலைப் பார்த்தார். "நான் முடிஞ்ச வரைக்கும் பாத்தேன்யா."

"தெரியும். நீதான் எனக்குப் பனியைக் காட்டினவன்."

டீன் கண்ணை மூடிக்கொண்டார்.

மாரிட்டின் ஆய்வறிக்கை மே மாதம் முடிந்தது. நல்ல அறிக்கை. புள்ளி நகராமல் நின்ற அந்த வாரங்களில் கிடைத்த அளவுகள், ஹால்வர் வாழ்க்கையிலேயே பார்த்திராத அளவுக்குச் சுத்தமாக இருந்தன. பட்டமளிப்பு அன்று அவள் அங்கியோடு நிலவறைக்கு வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள்.

"பனி அளக்கிற வேலையா?"

"ஆமா, புரொபசர். ஆனா அள்ள வேண்டாம்."

அவள் போனபின் ஹால்வர் பெட்டி கட்டத் தொடங்கினார். ஈயக் குண்டுகளைப் பழைய துண்டுகளில் சுற்றி வைத்தார். இழையை அவிழ்க்க மனம் வராமல் அதைக் கடைசிக்குத் தள்ளினார். சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் போகப்போவது கிழக்கு அறைக்குத்தான், தையல் மிஷினுக்கும் அகராதிக்கும் பக்கத்தில்.

கதவைத் தட்டிவிட்டு ஆர்லிஸ் உள்ளே வந்தாள். கையில் ஒரு பெரிய சாவி.

"உங்க மடக்கு நாற்காலிங்க, புரொபசர். திருப்பித் தரணும். வகுப்பறையில போட்டுடவா, இல்ல இங்கயே கொண்டாரவா?"

"இனி எங்க போட்டா என்ன, ஆர்லிஸ்." அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சொல்லிக்கொள்ள யாராவது கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "ஒண்ணு தெரியுமா? கடைசியில கண்டுபிடிச்சுட்டேன். பனிதான். குளிர்காலம் முழுக்க என் கருவியை இழுத்துக்கிட்டிருந்தது அந்தப் பனிக்குவியல்தான். அதை அள்ளிப் போட்டேன் பாரு, அன்னையோட எல்லாம் நின்னு போச்சு. கொஞ்சம் முன்னாடியே அள்ளியிருந்தேன்னா துறை பிழைச்சிருக்கும்."

ஆர்லிஸ் சாவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவள் பார்வை கிழக்குச் சுவருக்குப் போய், மூலையில் சாய்ந்திருந்த மண்வாரிக்கு வந்து, மறுபடி சுவருக்குப் போயிற்று.

"நாற்காலியெல்லாம் எங்க இருக்கு?" என்றார் ஹால்வர்.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்."

"அங்கயா? அங்க யார் வந்து உக்காந்தாங்க?"

"கமிட்டிதான், புரொபசர், உங்களைக் காப்பாத்தணும்னு டீன் வாராவாரம் ஓர் ஆளைச் சேர்த்து, ஒரு நாற்காலியைக் கூட்டிக்கிட்டே வந்தாரு, டார்லீன், ஓடெல் எல்லாருமே உங்களுக்குத்தான் கை தூக்கினாங்க, நீங்க படிக்கட்டுல பனியைக் கொட்டி எங்களை உள்ள வச்சு மூடுற வரைக்கும்."